பெட்டியில் வளரச் சம்மதித்த பம்பிள்பீக்கள்

பம்பிள்பீ என்பது தேனீக்கு உறவான, உடல் பருத்த, மயிர் அடர்ந்த ஓர் ஈ. அதன் இனங்கள் உலகில் சுமார் 260 இருக்கின்றன. அவற்றில் பெட்டியில் அடைத்து விலைக்குத் தருபவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சில இனங்கள்தான் மகரந்தச் சேர்க்கையில் கெட்டிக்காரர்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பூவைப் பொறுத்தவரை மற்ற இனங்களும் அதே வேலையைச் செய்யும். இருட்டறையில், செயற்கைத் தீனியில், வருடம் முழுக்க வளரச் சம்மதித்தவை இவைதான், அவ்வளவே. தேர்வு நடந்தது வளர்ப்பறையில். இதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த நாட்டில் எந்த இனம் விற்கப்படுகிறது, ஏன் சில நாடுகள் கதவைச் சாத்துகின்றன, கூடு ஏன் சில வாரங்களில் ஓய்ந்துபோகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் தக்காளி. இந்தத் தொழில் பிறந்ததே அதற்காகத்தான். தக்காளிப் பூவின் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து மஞ்சள் கூம்பாக நிற்கும். மகரந்தம் வெளிப்பக்கம் கொட்டாது, கூம்புக்குள்ளே உதிர்ந்து நுனி வழியாகத்தான் வெளியே வரும். வெட்டவெளியில் காற்று ஆட்டினால் போதும். பசுமைக்குடிலில் அந்தக் காற்று இல்லை. அதனால் முன்பெல்லாம் அதிர்வுக் கருவியோடு ஆட்கள் வாரம் மூன்று முறை ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். பம்பிள்பீ கூம்பைத் தாடையால் கவ்வித் தொங்கும். சிறகை மடக்கி வைத்துக்கொண்டு, பறக்கும் தசைகளை மட்டும் நொடிக்கு 200 முதல் 400 தடவை அதிரவைக்கும். மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். கத்தரி, புளூபெர்ரி ஆகியவற்றின் மகரந்தப்பைகளும் நுனித் துளையுள்ளவைதான். தேனீக்கு இந்த அதிர்வு வித்தை வராது. தக்காளிப் பூவில் தேனும் இல்லை என்பதால் தேனீ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் விரும்பாது. தச்சுத் தேனீ போன்ற வேறு சில தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் சேர்ந்து வாழ்கிற குணம் அவற்றிடம் இல்லை.

1985இல் ரோலண்ட் டி யோங்கே என்ற பெல்ஜியக் கால்நடை மருத்துவர் பம்பிள்பீக்களைத் தக்காளிக் குடிலுக்குள் விட்டுப் பார்த்தார். 1987இல் பயோபெஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் காப்பர்ட் போன்ற நிறுவனங்களும் இறங்கின. சில ஆண்டுகளிலேயே ஐரோப்பியத் தக்காளிக் குடில்களில் அதிர்வுக் கருவி காணாமல் போனது. 2004 வாக்கில் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் கூடுகள் விற்பனையாயின.

இனி இனங்கள். பெயர்களின் முன்னால் வரும் பாம்பஸ், பம்பிள்பீக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அறிவியல் பெயர்.

பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ்தான் பெரிய முதலாளி. கறுப்பு உடல், இரண்டு மஞ்சள் பட்டை, வெள்ளைப் பிட்டம். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகியவை இதன் தாயகம். கூடு பெரிதாகும்: சில நூறு பணித்தேனீக்கள் வரை போகும். புழுக்களுக்கு ஊட்டும் முறையும் வளர்ப்பவருக்குச் சாதகம். பம்பிள்பீக்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, மகரந்தத்தைத் தனி மெழுகுக் குடுவையில் சேமித்து, அதிலிருந்து எடுத்துக் கரைத்து ஒவ்வொரு புழுவுக்கும் ஊட்டும். இன்னொரு வகை, புழுக்கூட்டத்தின் அடியில் மெழுகுப் பை கட்டி அதற்குள் மகரந்தத்தைத் திணித்துவிடும். இரண்டாம் வகைக்கு மனிதன் தட்டில் வைக்கிற மகரந்த உருண்டை சரிப்பட்டு வருவது கடினம். டெரஸ்ட்ரிஸ் முதல் வகை. கிழக்கு வட அமெரிக்காவின் பாம்பஸ் இம்பேஷியன்ஸ், கிழக்கு ஆசியாவின் பாம்பஸ் இக்னைடஸ் இரண்டும் அப்படியே. தென்னமெரிக்காவில் வளர்க்கப்படும் பாம்பஸ் பாவ்லோயென்சிஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது, முரட்டுக் குணமும் கொண்டது. அதையும் பழக்கி விற்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் உள்ள பொறுமையை மெச்சத்தான் வேண்டும். பழைய நூல்களில் இதை அட்ராடஸ் என்ற பெயரில் பார்க்கலாம்.

டெரஸ்ட்ரிஸ் என்று சொன்னாலும் அதற்குள் கிளை இனங்கள் இருக்கின்றன. கேனரித் தீவுகளுக்கு அங்கேயே உள்ள கேனரியென்சிஸ், பிரிட்டனுக்கு ஆடாக்ஸ். நோர்வே வெளியிலிருந்து வரும் கிளை இனங்களை ஏற்பதில்லை. வாங்கும்போது இனப் பெயரோடு கிளை இனப் பெயரையும் கேட்பது நல்லது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

வளர்ப்பறையில் என்ன நடக்கிறது

காட்டில் பம்பிள்பீ கூடு ஓராண்டுப் பயிர். இளவேனிலில் ராணி தனியாகத் தொடங்கும், கோடை முடிவில் புது ராணிகளும் ஆண்களும் பிறக்கும், பழைய கூடு முழுவதும் சாகும், கருவுற்ற புது ராணி மட்டும் மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். இந்தச் சக்கரத்தை வருடம் முழுக்கச் சுற்றவைப்பதுதான் தொழில்நுட்பம்.

இணை சேர்ந்த ராணிகளைத் தனித்தனிக் குப்பியில் அடைத்து 4 முதல் 5 டிகிரி குளிரில் இரண்டு மூன்று மாதம் தூங்கவைப்பார்கள். இதன் மூலம் தேவைக்கேற்ற நேரத்தில் எழுப்பலாம். உடலில் கொழுப்பு சேராத மெலிந்த ராணியைக் குளிரில் வைத்தால் எழுந்திருக்காது, அதனால் எடை பார்த்துத்தான் வைக்க வேண்டும். தூக்கத்தையே தாண்டிவிடவும் வழி உண்டு: அடுத்தடுத்த இரண்டு நாள் அரை மணி நேரம் கார்பன் டை ஆக்சைடு மயக்கம் கொடுத்தால் ராணியின் சூலகம் விழித்துக்கொள்ளும். 1980களில் ஜெர்மனியில் ரோஸ்லர் விவரித்த முறை இது.

எழுந்த ராணியைச் சிறு பெட்டியில், 28 டிகிரி வெப்பத்தில், 60 விழுக்காடு ஈரப்பதத்தில், இருட்டில் வைப்பார்கள். வேலை செய்பவர்களுக்குச் சிவப்பு விளக்கு போதும். பம்பிள்பீ கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. சர்க்கரைப் பாகும், தேனீப் பெட்டிகளிலிருந்து எடுத்த மகரந்தத்தைப் பிசைந்த உருண்டையும் தீனி. தனியாக விட்டால் பல ராணிகள் முட்டையே இடுவதில்லை. பக்கத்தில் ஓர் இளம் பணித்தேனீயோ, ஆண் கூட்டுப்புழுவோ இருந்தால் இடும். சாதாரணத் தேனீயின் இளம் பணித்தேனீக்களைத் துணைக்கு வைத்தாலும் வேலை நடக்கிறது. முட்டை பணித்தேனீயாக வெளிவர மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் தொகுதி பத்துக்குள் இருக்கும், அதன்பின் எண்ணிக்கை வேகமாக ஏறும். ஐம்பதை எட்டியதும் பெட்டி லாரியில் ஏறிவிடுகிறது.

இங்கே மூன்று இடத்தில் கெடும். முதலாவது மகரந்தம். அது காய்ந்தோ பழசாகவோ இருந்தால் புழு வளராது. புதிதாக எடுத்து உடனே உறையவைத்ததுதான் தேவை. ஆனால் தேனீப் பெட்டியிலிருந்து வரும் மகரந்தத்தோடு நோய்க்கிருமிகளும் வரும். அதனால் கதிர்வீச்சால் கிருமி நீக்கிய மகரந்தத்தையே பயன்படுத்த வேண்டும். நோசிமா பாம்பி, கிரித்திடியா பாம்பி, ஏபிசிஸ்டிஸ் பாம்பி என்ற மூன்று ஒட்டுண்ணிகளும், மூச்சுக்குழலுக்குள் வாழும் ஒரு சிலந்திப்பேனும் வளர்ப்பறைகளின் நிரந்தரத் தலைவலி. இரண்டாவது, உறவுக்குள் இணை சேர்ப்பது. அண்ணன் தங்கை இணைந்து உண்டாகும் கூடுகளில் ஏறக்குறைய பாதியில், பணித்தேனீயாக வளர வேண்டிய முட்டைகளில் பாதி ஆணாகிவிடும். அந்த ஆண்கள் வேலை எதுவும் செய்யாமல் தீனியை மட்டும் தின்னும், கூடு வளராது. மூன்றாவது, ராணி சீக்கிரமே ஆண் முட்டைக்கு மாறிவிடுவது. மாறிய பிறகு பணித்தேனீக்களும் தாமாகவே முட்டையிடத் தொடங்கி, ஒன்றையொன்று கடித்து, ராணியையும் விரட்டும். எந்த நிலையில் எது நடக்கும் என்பது கூட்டுக்குக் கூடு மாறும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்று பன்னிரண்டு வாரம் ஓடுவதும் மற்றொன்று ஆறு வாரத்தில் முடங்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

குடிலுக்குள் பெட்டி

வெளியே அட்டைப்பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் கூடு, கூட்டின் மேல் பஞ்சு, அடியில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் சர்க்கரைப் பாகு. தக்காளியில் தேன் இல்லாததால் இந்தப் பாகுதான் பறப்பதற்கான எரிபொருள். பாகுப் பையின் மூடியை எடுக்க மறந்துவிட்டால் கூடு ஓரிரு நாளில் பட்டினியால் படுத்துவிடும். பெட்டி வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூடியைத்தான்.

வாசலில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று போகவும் வரவும், மற்றொன்று உள்ளே வர மட்டும். மருந்தடிக்கும் முன் முதல் துளையை மூடி இரண்டாவதை மட்டும் திறந்து வைத்தால், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் வெளியே போனவை எல்லாம் வீடு திரும்பிவிடும். பிறகு முழுதாக மூடி, தேவைப்பட்டால் பெட்டியைக் குடிலுக்கு வெளியே எடுக்கலாம்.

வந்த பெட்டியை உடனே திறக்கக் கூடாது. பயணத்தில் குலுங்கியவை எரிச்சலில் இருக்கும். இடத்தில் வைத்து ஒரு மணி நேரம் அமைதியாக விட்டபின் திறக்க வேண்டும். பம்பிள்பீயின் கொடுக்கில் முள் இல்லை, அதனால் ஒரே ஈ பலமுறை கொட்ட முடியும். பெட்டிமேல் மூச்சு விடுவதும், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு கிட்டப் போவதும் அவற்றைச் சீண்டும்.

இடம்: தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவு உயரம், நடைபாதை ஓரம், வாசல் இலைகளால் மறைக்கப்படாமல். பெட்டி சாயாமல் சமமாக நிற்க வேண்டும். தாங்கியின் காலில் கிரீஸ் வளையம் பூச வேண்டும், இல்லையென்றால் பாகுக்கு எறும்பு ஏறும். எறும்பு ஏறிய கூடு மீளாது. கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் குடிலில் அந்தக் குழாய் அருகே வைக்கக் கூடாது. ஒருமுறை வைத்த இடத்தை மாற்றவே கூடாது. வெளியே போயிருந்தவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டி ஓரிரு மீட்டர் தள்ளிப் போனால்கூடப் பல வீடு சேராது.

வெப்பம்தான் அதிகக் கூடுகளைக் கொல்கிறது. இவை குளிர்நாட்டுப் பிராணிகள். 10 டிகிரியிலேயே பறக்கத் தொடங்கிவிடும், தேனீ அந்தக் குளிரில் வாசலுக்கே வராது. ஆனால் குடிலுக்குள் 30 டிகிரியைத் தாண்டினால் பணித்தேனீக்கள் வேலையை விட்டுவிட்டுக் கூட்டுக்குள் நின்று சிறகால் விசிறத் தொடங்கும். பெட்டியருகே குனிந்தால் தொடர்ச்சியான இரைச்சல் கேட்கும். அது மகிழ்ச்சிக் குரல் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மேலே வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை இடைவெளி விட்டு வைத்து, பெட்டியைச் செடி நிழலுக்குள் கொண்டுவருவதை முதல் நாளிலேயே செய்ய வேண்டும். பகல் வெப்பம் 32க்கு மேல் நீடித்தால் தக்காளி மகரந்தமே செயலிழக்கும். அப்போது எத்தனை பெட்டி வைத்தாலும் காய் பிடிக்காது. பழி மட்டும் பம்பிள்பீமேல் விழும்.

ஒளியும் கவனிக்க வேண்டிய விஷயம். பம்பிள்பீ வழி கண்டுபிடிக்கப் புற ஊதா ஒளி உதவுகிறது. அதை முழுதாகத் தடுக்கும் பிளாஸ்டிக் கூரையின் கீழ் தடுமாறும். குளிர்காலத்தில் சோடியம் விளக்கு மட்டும் எரியும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்தால் விளக்கை நோக்கிப் போய் விழுந்து சாகும். சூரியன் எழுந்த பின்பே திறப்பது, மறைவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வெளியேறும் துளையை மூடுவது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் இழப்பு வெகுவாகக் குறையும்.

எத்தனை பெட்டி? பெரிய பழத் தக்காளிக்குத் தொடக்கத்தில் ஹெக்டேருக்கு 5 முதல் 8. செர்ரி வகைகளில் பூ எண்ணிக்கை அதிகம் என்பதால் கூடுதலாகத் தேவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்தால் எல்லாமே ஒரே சமயத்தில் ஓய்ந்துவிடும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பெட்டி சேர்த்துக்கொண்டே போவதுதான் முறை. குடைமிளகாய்க்குக் குறைந்த எண்ணிக்கை போதும். திறந்தவெளிப் புளூபெர்ரிக்கு இம்பேஷியன்ஸ் கூடுகளை நான்கு நான்காக ஒரே பெட்டியில் வைத்து விற்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: கருவுறாமலேயே காய்க்கும் குடில் வெள்ளரிக்குப் பம்பிள்பீ தேவையே இல்லை. விட்டால் காய்க்குள் விதை வைத்து, ஒரு முனை பருத்துக் கோணும்.

பெட்டி வேலை செய்கிறதா என்று அறிய வாசலில் நின்று எண்ணுவதைவிடப் பூவைப் பார்ப்பது மேல். தாடை கவ்விய இடத்தில் மகரந்தக் கூம்பின்மேல் பழுப்புக் கடித்தடம் விழும். சில மணி நேரத்தில் கருத்துத் தெளிவாகத் தெரியும். குடிலின் பல மூலைகளிலிருந்து, இப்போதுதான் வாடத் தொடங்கிய பூக்களாக 100 எடுத்துப் பாருங்கள். 80 அல்லது 90இல் தடம் இருந்தால் போதும். திறந்த புதுப்பூவைப் பார்த்துவிட்டுத் தடம் இல்லை என்று பதறக் கூடாது, அதற்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. எல்லாப் பூவிலும் கறுப்பேறிய பல தடங்கள், கூம்பு கிழிந்து சூல்முடி காயம்பட்டு உதிர்வது என்றால் பூவுக்கு மீறிய ஈ இருக்கிறது. உடனே சில பெட்டிகளை மூட வேண்டும். பருவத் தொடக்கத்தில் பூ குறைவாக இருக்கும்போது இது அடிக்கடி நேரும். ஸ்ட்ராபெர்ரியில் இன்னும் மோசம், பழமே கோணலாகும்.

வாசலில் வெள்ளைப் புழுக்கள் செத்துக் கிடந்தால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும்: மகரந்தப் பஞ்சம் அல்லது அதிக வெப்பம். ஊட்ட முடியாத புழுக்களைப் பணித்தேனீக்களே இழுத்து வெளியே போடும். பூ குறைந்த வாரங்களில் மகரந்த உருண்டை வைத்துச் சமாளிக்கலாம்.

பூச்சிமருந்துகளில் மண்ணில் ஊற்றும் இமிடாகுளோபிரிட் போன்றவை மிகவும் கெட்டவை. செடி உறிஞ்சி மகரந்தத்துக்கே கொண்டுவரும், பல வாரம் நிற்கும். கதவை இரண்டு நாள் மூடிவைத்து இதிலிருந்து தப்ப முடியாது. நாற்றாங்காலில் என்ன ஊற்றினார்கள் என்று கேட்காமல் பெட்டி வாங்கக் கூடாது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் போன்ற புழுக்கொல்லிகளால் தொல்லை இல்லை.

தாயகம் தாண்டினால்

இம்பேஷியன்ஸ் அமெரிக்காவில் ஒற்றை ஆட்சிக்கு வந்த கதை ஓர் இழப்பிலிருந்து தொடங்குகிறது. மேற்குக் கரைக்கென்று முதலில் வளர்க்கப்பட்டது பாம்பஸ் ஆக்சிடெண்டாலிஸ். 1990களின் தொடக்கத்தில் அதன் ராணிகளும் இம்பேஷியன்ஸ் ராணிகளும் ஐரோப்பாவுக்குப் போய் அங்கே வளர்க்கப்பட்டு, கூடுகளாகத் திரும்பின. 1990களின் பிற்பகுதியில் வளர்ப்பறைகளில் நோசிமா பரவி ஆக்சிடெண்டாலிஸ் வளர்ப்பே நின்றது. அதே காலத்தில் காட்டு ஆக்சிடெண்டாலிஸும் சரிந்தது, நெருங்கிய உறவான பாம்பஸ் பிராங்க்ளினி 2006க்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. வளர்ப்பறையிலிருந்துதான் நோய் காட்டுக்குப் போனது என்ற கருதுகோளை ராபின் தார்ப் என்ற பூச்சியியலாளர் முன்வைத்தார். முழுதாக நிரூபணமாகவில்லை, ஆனால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள அது போதும். இன்று ஆரிகன் மாநிலம் இம்பேஷியன்ஸை அனுமதிப்பதில்லை.

டெரஸ்ட்ரிஸின் கணக்கு இன்னும் நீளம். 1990களின் பிற்பகுதியில் சிலி அதை இறக்குமதி செய்தது. அனுமதி தராத அர்ஜென்டினாவுக்கு 2006 வாக்கில் மலை தாண்டித் தானே வந்து சேர்ந்தது. அது பரவிய இடங்களில், உலகின் மிகப் பெரிய பம்பிள்பீயான செந்நிற பாம்பஸ் டால்போமி மறையத் தொடங்கியது. டாஸ்மானியாவில் 1992இல் டெரஸ்ட்ரிஸ் தென்பட்டது. ஆஸ்திரேலியப் பெருநிலம் இன்றுவரை அதை உள்ளே விடவில்லை. நியூசிலாந்து மட்டும் வேறு கதை: பம்பிள்பீயே இல்லாத அந்நாட்டுக்கு 1885இல் இங்கிலாந்திலிருந்து ராணிகளைத் தாங்களே வரவழைத்தார்கள், சிவப்பு குளோவர் விதை பிடிக்க வேண்டும் என்பதற்காக.

ஜப்பான் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 1991 முதல் டெரஸ்ட்ரிஸ் அங்கே வந்தது. 1996இல் ஹொக்கைடோவில் காட்டுக் கூடு கிடைத்தது. டெரஸ்ட்ரிஸ் ஆண்கள் உள்ளூர் பாம்பஸ் ஹைப்போகிரிடா ராணிகளோடு இணையும், ஆனால் அந்த முட்டைகள் பொரியாது. அந்த ராணியின் ஓராண்டு வீண். 2006இல் அரசு அதை அயல் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்து, அனுமதியும் வலை அடைத்த குடிலும் இருந்தால் மட்டுமே பயன்படுத்தலாம் என்றது. மாற்றாக இக்னைடஸ் வளர்க்கப்படுகிறது. அதிலும் ஒரு நுணுக்கம்: ஹொக்கைடோவுக்கு இக்னைடஸும் அயல்தான். நாடு என்ற எல்லை பம்பிள்பீக்குப் பொருந்தாது.

ஆகவே குடிலின் காற்றுத் திறப்புகளுக்கு வலை கட்டாயம். வெளியே கடுகோ சூரியகாந்தியோ பூத்திருந்தால் வலை இல்லாத குடிலிலிருந்து உங்கள் ஈக்கள் அங்கேதான் போகும், தக்காளி சும்மா கிடக்கும். ராணி வெளியேற முடியாத அளவுக்குக் குறுகிய வாசல் உள்ள பெட்டிகளும் கிடைக்கின்றன.

ஓய்ந்த பெட்டியை அப்படியே குப்பையில் போடுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. கடைசி வாரங்களில்தான் புது ராணிகள் பிறக்கும். பணித்தேனீயைவிட இரண்டு மடங்கு பெரிய ஈக்கள் உள்ளே தென்பட்டால் அவை அடுத்த ஆண்டுக்கானவை. மாலையில் உள்வரும் துளையை மட்டும் திறந்து விட்டு, இருட்டியதும் மூடி, பெட்டியை கனமான பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, உறைபெட்டியில் இரண்டு நாள் வைக்க வேண்டும். பிறகு பெட்டியை எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ செய்யலாம். மிச்சமிருக்கும் பாகை வெளியே கொட்டக் கூடாது. அக்கம்பக்கத்துத் தேனீக்கள் அதைக் குடிக்க வந்து கிருமியோடு திரும்பும்.